மூளை உறைக் காய்ச்சலின் முற்குறிகள்

நோய்களுள் பல, பொறுத்திருந்து பார்க்க நமக்கு இடம் தருவன. சில நோய்களில் பொறுத்திருத்தலே பேராபத்தாக முடியும். சளிக் காய்ச்சல் கண்டால் இரண்டொரு நாள் கஞ்சியருந்தி ஓய்வு கொள்வதில் தவறில்லை. ஆனால் சளிக் காய்ச்சலைப் போலவே தொடங்கி, ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் உயிரைக் கொண்டு போகக்கூடிய நோய் ஒன்று உண்டு. அதுவே மூளை உறைக் காய்ச்சல். டாக்டர்கள் இதனை மெனிஞ்சைடிஸ் என்று வழங்குவர்.

இந்நோயைத் தீர்க்கும் மருந்துகள் இன்று நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கின்றன. அங்ஙனமிருந்தும், பாக்டீரியா என்னும் நுண்கிருமிகளால் இந்நோய் கண்டவர்களுள் ஆறு பேருக்கு ஒருவர் இறந்து போவதாகவும், ஐந்து பேருக்கு ஒருவர் செவிட்டுத்தன்மை, வலிப்பு, கைகால் வழங்காமை போன்ற கடுங்குறைகளோடு எஞ்சுவதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மருந்து இருந்தும் இவ்வளவு சேதம் விளைவதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று காலதாமதம். அத்தாமதத்தில் பெரும்பகுதி நிகழும் இடம் நோயாளியின் வீடே. "இன்னும் இரண்டு முழம் நெய்துவிட்டால் சேலை முடிந்துவிடும், அதன் பின்னர் போகலாம்" என்று நெசவாளர் எண்ணுகிறார். "இன்றிரவு நம் வயலுக்குத் தண்ணீர் முறை, விடிந்ததும் பார்க்கலாம்" என்று விவசாயி எண்ணுகிறார். அந்த விடியலுக்குள் காரியம் மிஞ்சிப் போகலாம்.

ஆதலின் இந்நோயின் முற்குறிகளை அறிந்து வைத்திருத்தல் டாக்டருக்கு மட்டுமன்றி ஒவ்வொரு குடும்பத்தாருக்கும் உரிய கடமையாகும். இப்பாடத்தில் அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றே: குறிகள் யாவும் ஒன்று கூடட்டும் என்று காத்திருத்தல் ஆகாது, இரண்டு குறிகள் கூடிய மாத்திரத்தில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுதல் வேண்டும்.

1. நோயின் இயல்பு

நம் மூளையும், முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடமும் மூன்று மெல்லிய உறைகளால் போர்த்தப்பட்டுள்ளன. உறைகளின் இடையே, தெளிந்த நீர் ஒன்று சுழன்று வருகிறது. வளர்ந்தவர் உடலில் எந்நேரமும் ஏறக்குறைய 150 மில்லி லிட்டர் அளவில் இந்நீர் இருக்கும். மூளையை அதிர்ச்சியினின்றும் காப்பது இதன் தொழில்களுள் ஒன்று. நோய்க் கிருமிகள் இரத்தத்தின் வழியாகவோ, காது, மூக்கு ஆகியவற்றின் பக்கத்திலிருந்தோ இவ்வுறைகளை அடைந்துவிட்டால், உறைகள் அழன்று வீங்குகின்றன. மண்டையோட்டுக்குள் இறுக்கம் மிகுகிறது. தாங்கொணாத தலைவலியும், வாந்தியும், அறிவு மயங்குதலும் இதனால் விளைவனவே. கழுத்தை முன்னே குனியும்போது அழன்ற உறைகள் இழுபடுவதால் வலி மிகும். அவ்வலியைத் தவிர்க்கும் பொருட்டுக் கழுத்துத் தசைகள் தாமே விறைத்துக் கொள்கின்றன.

நோயை உண்டாக்கும் கிருமிகள் பலவகைப்படும். வைரஸ்களால் வருவது பெரும்பாலும் தானே தணியும். பாக்டீரியாவால் வருவதே மிகக் கொடியது. நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோபிலஸ் இன்புளுயன்சா பி என்பவை இவற்றுள் முக்கியமானவை. பிறந்து சில நாட்களே ஆன சிசுக்களுக்கு வேறு சில பாக்டீரியாக்களாலும் இது வருவதுண்டு. காசநோய்க் கிருமியாலும் ஒரு வகை உண்டாகும். அது மெல்ல வருவது. அதனைப் பின்னர்த் தனியே காண்போம்.

எந்தக் கிருமியால் வந்தது என்பதை வீட்டிலிருந்தபடி எவராலும் சொல்ல இயலாது. டாக்டரும் முதுகு நீரைச் சோதித்த பின்னரே உறுதி கூறுவார். ஆகவே "இது சாதாரண வகையாகத்தான் இருக்கும்" என்று நாமே தீர்மானித்துக் கொள்வதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

2. எல்லாக் குறிகளும் கூடி வருவதில்லை

காய்ச்சல், கழுத்து விறைத்தல், அறிவு தடுமாறுதல் ஆகிய மூன்றும் இந்நோயின் அடையாளங்கள் என்று பாடநூல்கள் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளன. அது பொய்யன்று. ஆயினும் இம்மூன்றும் எத்தனை பேரிடம் ஒருங்கே காணப்படுகின்றன? நெதர்லாந்து நாட்டில் 1998 முதல் 2002 வரை, பாக்டீரியாவால் மூளை உறைக் காய்ச்சல் கண்ட வளர்ந்தவர்களை ஆராய்ந்து, 696 நோய் நிகழ்ச்சிகளின் விவரங்களை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மூன்று குறிகளும் ஒருங்கே இருந்தவர்கள் நூற்றுக்கு 44 பேரே. ஆனால் இம்மூன்றுடன் தலைவலியையும் சேர்த்து நான்காகக் கொண்டால், நான்கில் இரண்டேனும் இருந்தவர்கள் நூற்றுக்கு 95 பேர். மூன்றும் வரட்டும் என்று இருப்பவர் பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளைத் தவறவிடுவார் என்பதும், இரண்டையே போதிய எச்சரிக்கையாகக் கொள்பவர் மிகச் சிலரையே தவறவிடுவார் என்பதும் இதனால் விளங்கும்.

சிறுவர்களைப் பற்றியும் இத்தகைய ஆராய்ச்சி ஒன்று உண்டு. பிரிட்டனில் மெனிங்கோகாக்கஸ் கிருமியால் தாக்குண்ட, 16 வயதுக்கு மேற்படாத 448 சிறாரின் நோய் வரலாறு மணிக்கணக்கில் ஆராயப்பட்டு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதல் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை பெரும்பாலோரிடம் வெறுங்காய்ச்சலும் சோர்வுமே இருந்தன. கழுத்து விறைத்தல், வெளிச்சத்துக்குக் கண் கூசுதல், அறிவு தடுமாறுதல் ஆகிய பெருங்குறிகள் தோன்றியது 13 முதல் 22 மணி நேரத்துக்குள். இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் பலர் உயிருக்குப் போராடும் நிலையை அடைந்துவிட்டனர். ஆனால் அப்பெருங்குறிகளுக்கு முன்னரே, ஏறக்குறைய எட்டாம் மணி நேரத்தில், நூற்றுக்கு 72 பேரிடம் மூன்று சிறு குறிகளில் ஒன்றேனும் தோன்றியிருந்தது. அவை: கால்வலி, உடல் கொதிக்கக் கையும் காலும் சில்லிட்டிருத்தல், தோல் நிறம் மாறி வெளிறுதல் அல்லது திட்டுத்திட்டாகக் கருநீலம் பூத்தல்.

இம்மூன்றும் கிருமி இரத்தத்தில் பரவி அதனை நஞ்சாக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அறிகுறிகள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது நம் தாய்மார்களின் வழக்கம். அதனோடு உள்ளங்காலையும் தொட்டுப் பார்த்தல் நன்று. நெற்றி நெருப்பாகச் சுட, கால் பனியாகக் குளிர்ந்திருக்கும் குழந்தை நடக்கவும் மறுத்துக் "கால் வலிக்கிறது" என்று அழுமாயின், அதனை அலட்சியம் செய்தலாகாது.

3. வளர்ந்தவர்களிடம் காணும் குறிகள்

வளர்ந்தவர்களிடமும் பெரிய சிறுவர்களிடமும் கவனிக்க வேண்டியவை வருமாறு:

(அ) திடீரென வந்த கடுங்காய்ச்சல், சிலவேளை நடுக்கத்துடன்.
(ஆ) முன்னெப்போதும் கண்டிராத கடுந்தலைவலி.
(இ) கழுத்து விறைத்து, மோவாயை மார்பின்மீது படியவைக்க இயலாமை.
(ஈ) அறிவு தடுமாறுதல், பிதற்றுதல், எழுப்ப எழுப்பத் தூக்கத்தில் ஆழ்தல்.
(உ) அடுத்தடுத்து வாந்தி.
(ஊ) வெளிச்சம் பொறாமல் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தல்.
(எ) வலிப்பு.
(ஏ) தோலில் செந்நிற அல்லது கருஞ்சிவப்புப் புள்ளிகள்.

முதலில் சொன்ன நான்கினுள் இரண்டு ஒருவரிடம் கூடி நின்றால் உடனே புறப்பட வேண்டும். காய்ச்சலுடன் வலிப்போ புள்ளிகளோ கண்டாலும் அவ்வாறே.

நம் தொழில்களை முன்னிட்டு இங்கே சில எச்சரிக்கைகள் கூறுவது அவசியம். தறிக்குழியில் அமர்ந்து நாள் முழுதும் குனிந்து நெய்பவர்க்குக் கழுத்துப் பிடிப்பு புதிதன்று. அதனால், நோயால் வந்த விறைப்பையும் "தறி வலி" என்று ஒதுக்கிவிட ஏதுவுண்டு. இரண்டையும் வேறுபடுத்தி அறிய வழி உண்டு. வேலையால் வரும் பிடிப்பு பெரும்பாலும் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பும்போது வலிக்கும். அதில் காய்ச்சல் இராது. ஒற்றடமும் ஓய்வும் கொடுத்தால் தணியும். மூளை உறைக் காய்ச்சலில் தலையை முன்னே குனிவதே கடினம். எதுவாயினும், கழுத்துப் பிடிப்புடன் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அதனைத் தறியின்மீது பழி போட்டுச் சும்மா இருத்தல் கூடாது. இவ்வாறே, வெயிலில் களையெடுத்துத் திரும்பியவர் தலைவலி, காய்ச்சல், பிதற்றல் ஆகியவற்றோடு விழுந்தால், அது வெயிலின் கொடுமையாகவும் இருக்கலாம், இந்நோயாகவும் இருக்கலாம். இரண்டுமே ஆஸ்பத்திரிக்குரிய அவசரங்கள். ஆராய்ந்துகொண்டு வீட்டில் நிற்க நேரமில்லை.

முதியோரிடமும் நீரிழிவு உடையவர்களிடமும் காய்ச்சல் மிகாமலேயே இந்நோய் வருவதுண்டு. நேற்றுவரை தெளிவாகப் பேசிய பாட்டனார் இன்று பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றிச் சொல்லித் தடுமாறினால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். காதில் சீழ் வடியும் பழக்கமுடையவர்க்கும், தலையில் அடிபட்ட பின் மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் ஒழுகுபவர்க்கும் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்குக் காய்ச்சலும் தலைவலியும் கண்டால் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

4. கைக்குழந்தைகளிடம் காணும் குறிகள்

கைக்குழந்தை தனக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லாது. அதன் கழுத்தும் பெரும்பாலும் விறைப்பதில்லை. காய்ச்சலுக்கு மாறாக உடல் குளிர்ந்து போவதும் உண்டு. எனவே வேறு குறிகளைக் கொண்டே அறிய வேண்டியிருக்கிறது. பால் குடிக்க மறுத்தல், ஓயாது வீறிட்டு அழுதல், அல்லது அழவும் வலிவின்றி முனகுதல், கந்தல் துணிபோலத் துவண்டு கிடத்தல், அல்லது உடலை வில்லாக வளைத்து விறைத்தல், எழுப்பினாலும் விழிக்காமை, மூச்சு வேகமாக வாங்குதல், வலிப்பு ஆகியவை அவை.

இரண்டு குறிகள் தனியே கவனிக்கத்தக்கவை. முதலாவது உச்சிக்குழி. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அது அழாமல் இருக்கும்போது உச்சிக்குழியை மெல்லத் தடவிப் பாருங்கள். வயிற்றுப்போக்கில் நீர் வற்றினால் உச்சிக்குழி உள்வாங்கும். மூளை உறைக் காய்ச்சலிலோ அது புடைத்து இறுகி நிற்கக்கூடும். புடைத்திருந்தால் அது பேரபாயத்தின் குறி. புடைக்காமலிருப்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

இரண்டாவது, தூக்கினால் அழுதல். அழுகின்ற குழந்தை தாய் தூக்கினால் அமைதியடைவது இயற்கை. தூக்கியதும், அணைத்ததும், அசைத்ததும் அழுகை மிகுமாயின், அசைவே அதற்கு வலி தருகிறது என்பது பொருள். நம் ஊர்களில் இதனை "உரம் விழுந்துவிட்டது" என்று சொல்லிக் குழந்தையைப் புடவையில் இட்டு உருட்டி உரம் எடுப்பர். பால் குடியாமல் வயிறு உப்பினால் "மாந்தம்" என்பர். காய்ச்சலும் துவட்சியும் உடன் இருக்கும்போது உரம் எடுப்பதிலும் மந்திரிப்பதிலும் செல்லும் ஒவ்வொரு மணி நேரமும் குழந்தையின் ஆயுளிலிருந்து கழிகிறது. மூத்தோரின் அன்பை நாம் குறைகூறவில்லை. அவ்வன்பு முதலில் ஆஸ்பத்திரிக்கு வழிகாட்ட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

5. தோலில் தோன்றும் புள்ளிகள்

மெனிங்கோகாக்கஸ் வகையில் தோலின்கீழ் இரத்தம் கசிந்து, குண்டூசித் தலையளவு செம்புள்ளிகளாகத் தோன்றி, விரைவில் பரவிக் கருஞ்சிவப்புத் திட்டுகளாகும். இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. வெறுமையான கண்ணாடித் தம்ளர் ஒன்றின் பக்கத்தைப் புள்ளிகளின்மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணச் சிவப்பு அழுத்தத்தில் மறைந்து, விட்டதும் திரும்பும். அழுத்தியும் மறையாத புள்ளி, இரத்தக் கசிவின் அடையாளம். அதன்பின் ஒரு நிமிடமும் தாமதித்தல் ஆகாது. கருநிறத் தோலில் புள்ளிகள் எளிதில் புலப்படா. ஆகவே உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் காண வேண்டும்.

இங்கே இரு தவறுகள் நேர்வதுண்டு. புள்ளிகளைக் கண்டதும் "அம்மை" என்றெண்ணி வாசலில் வேப்பிலை செருகி, மருந்தே கூடாதென்று விலக்கி வைத்தல் ஒன்று. புள்ளி வரவில்லையாதலால் அபாயமில்லை என்று நினைத்தல் மற்றொன்று. நியூமோகாக்கஸ் முதலிய வகைகளில் பெரும்பாலும் புள்ளிகளே தோன்றா. புள்ளி வந்தால் ஓடுங்கள்; வராவிட்டால் அதற்காகக் காத்திராதீர்கள்.

6. மெல்ல வரும் வகை

காசநோய்க் கிருமியால் வரும் மூளை உறைக் காய்ச்சல் மணிக்கணக்கில் வருவதன்று. நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் ஊர்ந்து வருவது. முதலில் மந்தமான காய்ச்சல், பசியின்மை, உடல் மெலிவு. விளையாடிக் களித்த சிறுவன் மூலையில் ஒடுங்குவான்; சிடுசிடுப்பான்; பள்ளியில் கவனம் குறைவான். பின்னர் விட்டுவிட்டுத் தலைவலியும் காலை வேளையில் வாந்தியும் தோன்றும். அதற்கும் பின்னர் மாறுகண், இரட்டைப் பார்வை, ஒருபுறம் கைகால் வழங்காமை, மயக்கம். முதற்கட்டத்திலேயே சிகிச்சை தொடங்கினால் நலம்பெறும் வாய்ப்பு மிகுதி. மயக்க நிலையில் கொண்டு சென்றால் உயிர் பிழைப்பதே அரிதாகும்.

வீட்டிலோ அடுத்த வீட்டிலோ காசநோயாளி இருந்து, குழந்தைக்கு இவ்வகைக் குறிகள் ஐந்தாறு நாட்களுக்கு மேல் நீடிக்குமாயின், காசநோய்ச் சேர்க்கையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்கத்தால் மறைப்பது குழந்தைக்குச் செய்யும் தீங்கு. காசநோய் தீர்க்கக்கூடிய நோய். 1956ஆம் ஆண்டு சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையமே, நுரையீரல் காசநோயாளிகளை வீட்டில் வைத்தும் மருந்தால் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்தது. மூளை உறையைப் பற்றிய காசநோய்க்கோ ஆஸ்பத்திரியில் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு இடைவிடாத மருந்து வேண்டும். அரசாங்கம் இதனை இலவசமாக வழங்குகிறது.

7. நேரத்தைப் போக்கும் தவறுகள்

(1) காய்ச்சல் மாத்திரை கொடுத்துச் சூடு தணிந்ததும் நோய் தீர்ந்ததென்று கருதுதல். மாத்திரை சூட்டைத்தான் தணிக்கும், கிருமியைத் தீண்டாது. சூடு தணிந்தும் சோர்வும் தலைவலியும் நீங்காவிடில் அதுவே எச்சரிக்கை.

(2) மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய கிருமிக்கொல்லி மாத்திரைகளை ஓரிரு வேளை விழுங்குதல். இது நோயைத் தீர்க்காமல் குறிகளை மட்டும் மழுங்கச் செய்யும். முதுகு நீர்ச் சோதனையையும் குழப்பும். அவ்வாறு ஏதேனும் உட்கொண்டிருந்தால் மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள்.

(3) வலிப்புக் கண்டவர் கையில் இரும்பைத் திணித்தலும், வாயில் நீரோ மருந்தோ புகட்டுதலும். இரும்பால் பயனில்லை, புகட்டிய நீர் மூச்சுக்குழலில் சென்று உயிர்க்கு இடையூறாகும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயிலுள்ள கோழை வெளியேற இடங்கொடுப்பதே செய்யத்தக்கது.

(4) பேய்க்கோளாறு என்று கருதுதல். அறிவு தடுமாறிப் பிதற்றுபவரைக் காய்ச்சல் இருக்கிறதா என்றும் பாராமல் பூசாரியிடம் கொண்டு செல்வது இன்றும் அற்றுப் போகவில்லை. பிதற்றலுடன் காய்ச்சல் இருந்தால் அது மூளையைப் பற்றிய நோய் என்றே கொள்ள வேண்டும்.

(5) ஒருமுறை டாக்டரிடம் காட்டியாயிற்று என்று அமைதியடைதல். மேலே சொன்ன பிரிட்டன் ஆராய்ச்சியில், முதல்முறை காட்டியவுடன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்ட சிறார் ஏறக்குறைய பாதிப்பேரே. முதல் சில மணி நேரங்களில் நோய் தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஆகவே நிலைமை மோசமானால் அதே நாளில் மீண்டும் செல்லத் தயங்காதீர்கள். "இது மூளை உறைக் காய்ச்சலாக இருக்குமோ?" என்று வாய்விட்டுக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

8. ஆஸ்பத்திரியில் நடப்பது என்ன?

சந்தேகம் ஏற்பட்டதும் டாக்டர் கிருமிக்கொல்லி மருந்தை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தத் தொடங்குவார். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மெல்லிய ஊசியிட்டுச் சிறிது நீர் எடுத்துச் சோதிப்பார். 1891ஆம் ஆண்டில் ஜெர்மானிய டாக்டர் குவிங்கே வகுத்தளித்த முறை இது. "முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்" என்ற அச்சத்தால் பலர் இதற்கு இசையாமல் நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுகின்றனர். தண்டுவடம் முடிந்த இடத்துக்கும் கீழேதான் ஊசி செலுத்தப்படுகிறது. எடுக்கும் நீரும் சிறிதளவே. உடல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லி லிட்டர் நீரைப் புதிதாகச் சுரந்துகொள்கிறது. நலமுள்ளவரின் நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். பாக்டீரியா புகுந்தால் பெரும்பாலும் அரிசி களைந்த நீர்போல் கலங்கியிருக்கும். எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை இச்சோதனையே காட்டுகிறது. ஆதலின் டாக்டர் கேட்கும்போது சம்மதம் தர அஞ்சாதீர்கள்.

குணமாகி வீடு திரும்பிய பின்னும் ஒரு கடமை உண்டு. காது கேட்கிறதா என்று ஒரு மாதத்துக்குள் சோதித்துவிட வேண்டும். இந்நோயால் செவிப்புலன் கெடுவது அரிதன்று. பேசக் கற்காத குழந்தையிடம் இக்குறை நெடுநாள் புலப்படாமலே இருந்துவிடும்.

9. தொற்றும் தடுப்பும்

இருமல், தும்மல் துளிகளாலும், ஒரே அறையில் நெருங்கி வாழ்வதாலும் மெனிங்கோகாக்கஸ் பரவும். டில்லி மாநகரில் 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளில் இது கொள்ளைநோயாகப் பரவியது. இவ்வகை நோயாளியோடு நெருங்கி வாழ்ந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து தேவைப்படும். அதனை டாக்டரிடம் கேட்டுப் பெற வேண்டும். நோய் கண்ட வீட்டார் நெய்த துணியாலோ, விளைவித்த காய்கறியாலோ இது பரவாது. அவர்கள் துணியை ஏற்க மறுப்பதும், தெருவில் ஒதுக்கி வைப்பதும் அறியாமை.

தடுப்பு ஊசிகளே நம் கையிலுள்ள சிறந்த காப்பு. பிறந்தவுடன் இடும் பி.சி.ஜி. ஊசி, குழந்தைகளைக் காசநோயால் வரும் மூளை உறைக் காய்ச்சலினின்றும் பெரிதும் காக்கிறது. ஹீமோபிலஸ் கிருமியைத் தடுக்கும் ஐந்து நோய்க் கூட்டு ஊசி, தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு இறுதியில் அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்தது. 6, 10, 14ஆம் வாரங்களில் இடப்படுகிறது. நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021ஆம் ஆண்டில் சேர்ந்தது. 6, 14ஆம் வாரங்களிலும் 9ஆம் மாதத்திலும் இடப்படுகிறது. இவை யாவும் இலவசம்.

நெல் விளைவிக்கும் அங்கத்தினர்கள் இன்னொன்றும் அறிய வேண்டும். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்பது மூளை உறையைவிட மூளையையே தாக்கும் வேறொரு நோய். நம் நாட்டில் அது முதன்முதல் அறியப்பட்டது 1955ஆம் ஆண்டு வேலூர்ப் பகுதியிலேயே. நீர் நின்ற வயல்களில் பெருகும் கொசுக்கள், பன்றிகளிடமிருந்தும் நீர்ப்பறவைகளிடமிருந்தும் வைரஸை மனிதரிடம் கொணர்கின்றன. காய்ச்சல், தலைவலி, வலிப்பு, அறிவு மயங்குதல் என அதன் குறிகளும் ஏறக்குறைய இவையே. செய்ய வேண்டியதும் அதுவே. அந்நோய் பரவும் மாவட்டங்களில் அதற்கும் குழந்தைகளுக்கு அரசாங்கத் தடுப்பூசி உண்டு.

10. சங்கம் செய்யத்தக்கவை

நள்ளிரவில் குழந்தைக்கு வலிப்புக் கண்டால் ஏழைக் குடும்பத்தைத் தடுத்து நிறுத்துவது அறியாமை மட்டுமன்று. வண்டியின்மையும், கையில் பணமின்மையும் தடுக்கின்றன. இவ்விரண்டையும் கூட்டுறவால் வெல்லலாம். 108 என்ற எண்ணுக்குப் பேசினால் ஆம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும் என்பதை ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டிலும் எழுதி ஒட்டச் செய்க. வண்டி வரத் தாமதமானால் உதவக்கூடிய வாகனம் தெருவில் எவரிடம் உள்ளது, இரவிலும் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்னும் விவரங்களைச் சங்கக் கட்டடத்தில் பலகையில் எழுதி வைக்கலாம். துணை விதிகள் இடம் தருமாயின், அவசரச் சிகிச்சைக்குச் சிறு தொகையை உடனே வழங்கும் அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைத்து நிர்வாகக் குழுவில் தீர்மானம் செய்யலாம். துணி ஒப்படைக்கவும் பாவு பெறவும் நெசவாளர் கூடும் நாளிலும், விதையும் உரமும் வாங்க விவசாயிகள் கூடும் நாளிலும் இப்பாடத்தை ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினால், எழுத்தறியாதவரும் பயனடைவர்.

அறுந்த இழையை மறுபடி பிணைக்கலாம். தவறிய தண்ணீர் முறை மறுவாரம் வரும். மூளையில் இழந்த பகுதி மீண்டும் வளர்வதில்லை. சந்தேகத்தால் ஆஸ்பத்திரிக்குச் சென்று, அது சாதாரணக் காய்ச்சலென்று தெரிந்து திரும்பினால், நாம் இழந்தது ஒரு நாட்கூலி. அக்கூலியை மிச்சப்படுத்த எண்ணி வீட்டில் இருந்துவிட்டால் இழக்கக்கூடியது எது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆய்வுக் குழுவினருக்கு வினாக்கள்

1. நான்கு முக்கிய குறிகள் எவை? அவற்றுள் எத்தனை கூடினால் புறப்பட வேண்டும்?
2. தறி வேலையால் வரும் கழுத்துப் பிடிப்பையும் நோயால் வரும் விறைப்பையும் எங்ஙனம் வேறுபடுத்தலாம்?
3. கைக்குழந்தையின் உச்சிக்குழியை எந்நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும்? புடைத்தல் எதைக் காட்டும்? உள்வாங்குதல் எதைக் காட்டும்?
4. கண்ணாடித் தம்ளர் சோதனையைச் செய்து காட்டுக. புள்ளி இல்லாவிடில் நோயில்லை என்று சொல்லலாமா?
5. முதுகு நீர்ச் சோதனைக்கு அஞ்சும் அயலாருக்கு நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்?
6. இன்றிரவு உங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு இக்குறிகள் கண்டால், எந்த வாகனத்தில், எந்த ஆஸ்பத்திரிக்கு, எவர் துணையுடன் செல்வது? விடையைச் சங்கப் பலகையில் எழுதுக.